ஆலயத் திருமணத்துக்குப் பெஞ்சுகளையும் நடுவழியையும் துணியால் அலங்கரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலயத்தில் முதல் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்த ஞாயிறே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். எத்தனை மீட்டர் துணி எடுக்க வேண்டும், என்ன நிறம், யாரிடம் அனுமதி கேட்பது, ஆணி அடிக்கலாமா? நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்து ஆலயங்களில் திருமண அலங்கார வேலை பார்ப்பவர்களுள் நானும் ஒருத்தி. கத்தோலிக்க ஆலயங்களிலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்களிலும் கட்டியிருக்கிறேன். மணவீட்டார் மறுபடி மறுபடி கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். அலங்காரக்காரரிடம் வேலையை ஒப்படைப்பவர்களுக்கும் உதவும். வீட்டு ஆட்களே சேர்ந்து கட்டப்போகிறவர்களுக்கு இன்னும் கூடுதலாக உதவும்.

பூ அலங்காரம் மட்டும் போதாதா? துணி எதற்கு?

சிறிய ஆலயமாக இருந்தால் பூ மட்டுமே போதும். வாசலில் நின்றால் பீடம் வரை ஒரே பார்வையில் அடங்கிவிடும் ஆலயத்தில் பெஞ்சுக்கு ஒரு சிறு பூங்கொத்து கட்டினாலே நிறைவாக இருக்கும். துணி தேவைப்படுவது நீளமான ஆலயங்களில்தான். சென்னை சாந்தோம் பேராலயத்தின் இன்றைய கட்டடம் 1896இல் எழுந்தது. கோத்திக் பாணியில் உயர்ந்தும் நீண்டும் இருக்கும். அதுபோன்ற கூடத்தில் சிறு பூங்கொத்துகள் கண்ணுக்கே தெரியாமல் கரைந்துவிடும். வாசலிலிருந்து பீடம் வரை பார்வையை இழுத்துச் செல்ல ஒரு தொடர்ச்சி வேண்டும். அந்தத் தொடர்ச்சியைக் குறைந்த செலவில் தருவது துணி. காலையில் கட்டிய மல்லிகை மாலைத் திருமணத்துக்குள் பழுத்துவிடும். துணிக்கு அந்தக் கவலை இல்லை.

யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? எப்போது?

கத்தோலிக்க ஆலயமென்றால் பங்குத்தந்தையிடம், சி.எஸ்.ஐ. ஆலயமென்றால் சேகரகுருவிடம் அல்லது சபை ஆயரிடம். ஓலை கொடுக்கப் போகும் அன்றே கேட்டுவிடுங்கள். திருமணத்துக்கு முந்தைய வாரம் போய் நின்றால், "ஆணி கூடாது, டேப் கூடாது, பூ இதழ் தூவக் கூடாது" என்று பட்டியல் வரும்போது வாங்கிய பொருளெல்லாம் வீணாகும்.

அதோடு நிறுத்திவிடாமல், ஆலயத்தைத் திறந்து மூடும் உபதேசியாரையோ கோயில்பிள்ளையையோ தனியாகப் பாருங்கள். எந்த ஃபேன் வேலை செய்யாது, எந்தப் பெஞ்சின் கால் ஆடுகிறது, முந்தைய நாள் மாலை எத்தனை மணி வரை உள்ளே இருக்கலாம், மறுநாள் காலை வழிபாடு எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துப்படி. பெஞ்சு எண்ணிக்கையையும் அளவையும் அவர்கள் முன்னிலையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

தவக்காலத்தில் திருமணம் வைத்தால் அலங்கரிக்கலாமா?

நம் ஊர்களில் தவக்காலத்தில், அதாவது லெந்து நாட்களில், பெரும்பாலும் திருமணம் வைப்பதில்லை. தவிர்க்க முடியாத காரணத்தால் வைக்க நேர்ந்தால் அலங்காரத்தை மிக எளிமையாக வைத்துக்கொள்ள வேண்டும். கத்தோலிக்க வழிபாட்டு விதிப்படி தவக்காலத்தில் பீடத்தைப் பூக்களால் அலங்கரிப்பதில்லை. நான்காம் ஞாயிறும், பெருவிழாக்களும் விழாக்களும் மட்டுமே விலக்கு. பீடமே வெறுமையாக இருக்கும்போது பெஞ்சுகள் கல்யாணக் களையில் மின்னினால் பார்க்கவே பொருந்தாது. முதல் இரண்டு பெஞ்சுகளுக்கு மட்டும் வெள்ளை முடிச்சு கட்டினால் போதும். பெரிய வெள்ளியும் அதற்கு மறுநாள் சனியும் கத்தோலிக்க ஆலயத்தில் திருமணமே கிடையாது.

டிசம்பர் முதல் மூன்று வாரங்களும் அதேபோலக் கவனமாக இருக்க வேண்டிய காலம். திருவருகைக்காலத்தின் ஊதா நிறம் பீடத்தில் இருக்கும். அதற்கு நேர்மாறாக, கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டுக்குள் வரும் திருமணங்களுக்கு ஆலயமே ஏற்கெனவே ஜோடித்திருக்கும். அப்போது குடிலையும் நட்சத்திரங்களையும் அப்படியே விட்டுவிட்டு, நடுவழியை மட்டும் வெள்ளைத் துணியால் கட்டினால் போதும்.

எந்தத் துணி நல்லது?

ஒவ்வொரு துணிக்கும் ஒரு குணம் இருக்கிறது. ஆர்கன்சா விறைப்பாக நிற்கும். பூ முடிச்சுக்கு அதைவிட நல்ல துணி இல்லை. ஆனால் வெட்டிய ஓரத்தில் பிசிர் விட்டுக்கொண்டே இருக்கும். நெட் மலிவு, பிசிர் விடாது, ஓரம் தைக்கவே வேண்டாம். ஆனால் ஒற்றை மடிப்பாகக் கட்டினால் கொசுவலை மாதிரி தெரியும், இரண்டு மூன்று மடிப்பாவது வேண்டும். சாட்டின் பளபளக்கும், கேமரா வெளிச்சத்தில் அந்தப் பளபளப்பு சில நேரம் அதிகமாகிவிடும். ஷிபானும் ஜார்ஜெட்டும் அருவி போல வழிந்து தோரணமாகத் தொங்கும்; முடிச்சில் நிற்காது, வழுக்கிவிடும்.

என்னுடைய விருப்பத்தைக் கேட்டால், தோரணத்துக்குப் பருத்திதான். மெல்லிய மல்மல், அல்லது ஈரோட்டுப் பக்கம் கிடைக்கும் வெளுக்காத காடா துணி. காடாவைப் பலர் பையும் திரையும் தைக்கும் துணி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு தடவை துவைத்துக் கஞ்சியை எடுத்துவிட்டால் அது மென்மையாக விழும். பழைய தேக்குப் பெஞ்சின் நிறத்தோடு அதன் பால் நிறம் சேர்வதைப் போல வேறெந்தத் துணியும் சேர்வதில்லை. திருமணம் முடிந்த பிறகும் அது பயன்படும். பாலியஸ்டர் ஆர்கன்சாவை எடுத்துப்போய் வேறென்ன செய்வது?

பிசிர் பிரச்சினைக்குத் தையல்கடையில் பீக்கோ அடித்து வாங்குவது நல்ல வழி. அவசரமென்றால் எரியும் ஊதுபத்தி நுனியால் ஓரத்தை மெல்லத் தொட்டுக்கொண்டே போனால் பாலியஸ்டர் இழைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். இதை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள், ஆலயத்துக்குள் வேண்டாம். பருத்திக்கு இந்த வழி ஆகாது, எரிந்துவிடும்.

எத்தனை மீட்டர் வாங்க வேண்டும்?

அதிகம் பேர் திணறும் கேள்வி இது. கணக்கு எளிதுதான்.

முதலில் நாடாவோடு ஆலயத்துக்குப் போய் மூன்று அளவுகளை எடுங்கள். ஒரு பெஞ்சின் ஓரப் பலகையிலிருந்து அடுத்த பெஞ்சின் ஓரப் பலகை வரை எவ்வளவு தூரம், பலகையின் உயரம் எவ்வளவு, நடுவழியின் அகலம் எவ்வளவு. பெஞ்சுகளை எண்ணும்போது பாடல் குழுவுக்கான பெஞ்சுகளையும் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவற்றையும் சேர்த்துவிடாதீர்கள். நடுவழியைத் தொடும் பெஞ்சுகள் மட்டும்தான் கணக்கு.

பக்கத்துக்கு 12 பெஞ்சுகள், பெஞ்சுக்குப் பெஞ்சு 3 அடி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 3 அடி இடைவெளியில் 4 அடித் துணியைத் தொங்கவிட்டால் நடுவில் ஏறக்குறைய ஓர் அடி தாழும். தோரணத்துக்கு அது அழகான தாழ்வு. 12 பெஞ்சுகளுக்கு நடுவே 11 இடைவெளிகள்; 11 × 4 = 44 அடி. ஒவ்வொரு பெஞ்சிலும் கட்டுவதற்கு அரை அடி வீதம் 6 அடி. முதல் பெஞ்சிலும் கடைசிப் பெஞ்சிலும் கீழே தொங்கும் வால் இரண்டரை அடி வீதம் 5 அடி. மொத்தம் 55 அடி, அதாவது 17 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பக்கத்துக்கும் 34 மீட்டர். கை தவறவும் சுருங்கவும் இடம் கொடுத்து 37 மீட்டர் வாங்குங்கள். பருத்தியாக இருந்தால் துவைத்த பிறகுதான் அளந்து வெட்ட வேண்டும்.

தோரணம் வேண்டாம், பூ முடிச்சு மட்டும் போதும் என்றால் கணக்கு வேறு. நன்றாக விரிந்த ஒரு முடிச்சுக்கு 9 அடி நீளப் பட்டை தேவை: இரண்டு காதுகளுக்கு 4 அடி, நடுச் சுற்றுக்கு ஓர் அடி, இரண்டு வால்களுக்கு 4 அடி. 44 அங்குல அகல ஆர்கன்சாவை நீளவாக்கில் மூன்றாக வெட்டினால் ஒவ்வொரு பட்டையும் 14 அங்குலத்துக்கு மேல் அகலம் வரும். 24 பெஞ்சுகளுக்கு 216 அடிப் பட்டை. மூன்றால் வகுத்தால் 72 அடித் துணி, அதாவது 22 மீட்டர். ஒன்றுவிட்டு ஒரு பெஞ்சுக்கு மட்டும் கட்டினால் 11 மீட்டரிலேயே முடிந்துவிடும். பார்வைக்கும் அதுவே நன்றாக இருக்கும் என்பது என் கருத்து.

வட்டக் கூடமுள்ள ஆலயங்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சென்னை எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் அப்படிப்பட்ட கட்டடம். அங்கெல்லாம் ஒவ்வோர் இடைவெளியையும் தனித்தனியாக அளந்துதான் ஆக வேண்டும்.

என்ன நிறம் எடுப்பது?

கடையில் தூய வெள்ளை அழகாகத் தெரியும். ஆலயத்தில் எல்.இ.டி. விளக்கின் கீழ் அதே வெள்ளையில் நீலம் அடிக்கும். பக்கத்தில் மணமகளின் சந்தன வெள்ளைப் பட்டு மங்கித் தெரியும். ஹாஃப் வைட், சந்தன நிறம், பால் வெள்ளை ஆகியவை பாதுகாப்பானவை. வாங்குமுன் அரை மீட்டர் மட்டும் வெட்டி வாங்கி, திருமண நேரம் எதுவோ அதே நேரத்தில் ஆலயத்துக்குக் கொண்டுபோய்ப் பெஞ்சில் போட்டுப் பாருங்கள். காலை 10 மணி வெளிச்சத்துக்கும் மாலை 5 மணி வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு பெரியது. வண்ணக் கண்ணாடி ஜன்னல் உள்ள ஆலயத்தில் இன்னும் பெரியது.

வீட்டுப் பெரியவர்கள் முழு வெள்ளை வேண்டாம் என்றால் அதற்கு மரியாதை கொடுங்கள். மணமகள் வீட்டிலோ மணமகன் வீட்டிலோ மதம் கலந்த சொந்தங்கள் இருக்கலாம். வெறும் வெள்ளை அவர்களுக்கு வேறொன்றை நினைவூட்டும். வெள்ளைத் தோரணத்தின் மேல் இளஞ்சிவப்பு, மெல்லிய பச்சை, தங்க நிறம் என்று ஏதாவது ஒன்றைப் பெஞ்சு முடிச்சில் மட்டும் சேர்த்தால் இரு பக்கத்தாருக்கும் மனம் நிறையும். ஊதாவையும் கறுப்பையும் தவிர்த்துவிடுங்கள். ஒன்று தவக்காலத்தின் நிறம், மற்றொன்று துக்கத்தின் நிறம்.

பெஞ்சில் எப்படிக் கட்டுவது? ஆணி, டேப், குண்டூசி எதைப் பயன்படுத்தலாம்?

மூன்றும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பல ஆலயங்களின் பெஞ்சுகள் தலைமுறை தாண்டியவை. பலகையைக் குனிந்து பார்த்தால் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும், இன்னார் நினைவாக இன்னார் குடும்பத்தார் அளித்தது என்று. அந்தக் குடும்பத்தார் இன்றும் ஞாயிறுதோறும் அதே பெஞ்சில் வந்து உட்காரலாம். அதில் ஆணி அடிப்பது அடுத்தவர் வீட்டுச் சுவரில் அடிப்பதை விட மோசம். செல்லோ டேப்பும் இரட்டைப் பக்க டேப்பும் வார்னிஷைப் பிடுங்கிக்கொண்டு வரும். வெயில் காலத்தில் அதன் பசை இளகி மரத்தில் அழுக்குக் கோடாக நின்றுவிடும். குண்டூசி மரத்துக்குக் கெடுதல் செய்யாவிட்டாலும், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும் கைகளைக் குத்தும்.

கட்டுவதுதான் சரி. துணியின் நிறத்திலேயே அரை அங்குல ரிப்பனோ நாடாவோ வாங்கி, பலகையின் தோள்பகுதியைச் சுற்றி ஒரு வளையம் போடுங்கள். பெரும்பாலான பெஞ்சுகளில் ஓரப் பலகைக்கும் சாய்மானப் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குச் சந்து இருக்கும். நாடா அதற்குள் போய் வெளியே வந்துவிடும். சந்து இல்லாவிட்டால் அகலமான எலாஸ்டிக்கைப் பலகை அளவுக்குத் தைத்து மேலிருந்து மாட்டிவிடலாம். முதலில் வளையங்களை எல்லாப் பெஞ்சுகளிலும் போட்டு முடியுங்கள். பிறகு துணியை வளையத்துக்குள் கொசுவி நுழைத்து, தாழ்வைச் சரிசெய்து, கடைசியாக இறுக்குங்கள். பெஞ்சு பெஞ்சாக முழுசாக முடித்துக்கொண்டே போனால் ஆறாவது பெஞ்சுக்குள் தாழ்வு மாறிவிடும், பிறகு எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும்.

தாழ்வு ஒரே மாதிரி இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியாது. ஒருவர் வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணைப் பெஞ்சு மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிரம்பு பின்னிய பழைய பெஞ்சுகளில் பின்னலில் எதையும் கட்டாதீர்கள். மரச் சட்டத்தில் மட்டும் கட்டுங்கள்.

நடுவழிப் பக்கத்தைத் தோரணத்தால் முழுவதும் அடைத்துவிடலாமா? படங்களில் அப்படித்தானே இருக்கிறது?

வெளிநாட்டுத் திருமணப் படங்களில் அப்படி இருக்கும். வந்தவர்கள் ஓரத்து வழியாக ஏறி, கடைசி வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு அது பொருந்தும். நம் ஆலயங்களில் திருமணக் கூட்டம் அப்படி உட்காருவதில்லை. வெளியூர்ப் பஸ் தாமதமாகும், மறையுரை நடக்கும்போது பத்துப் பேர் வந்து இறங்குவார்கள். கைக்குழந்தை அழும். வயதான அத்தை நடுவில் எழுந்து போக வேண்டியிருக்கும். இரண்டு ஓரங்களிலும் வழியே இல்லாமல், பெஞ்சு சுவரைத் தொட்டு நிற்கும் ஆலயங்களும் உண்டு. அங்கே நடுவழியை அடைத்தால் உட்கார்ந்தவர்கள் உள்ளேயே சிக்கிக்கொள்வார்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. திருப்பலியோடு நடக்கும் திருமணத்தில் நற்கருணை வாங்க மக்கள் நடுவழியாகத்தான் வரிசையில் வருவார்கள். சி.எஸ்.ஐ. ஆலயத்தில் திருவிருந்தோடு திருமணம் நடந்தாலும் அதே நிலைதான். அந்த நேரத்தில் ஒரு மூதாட்டி தோரணத்தைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து வெளியே வருவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது. ஆலயத்துக்கு அவர் வந்ததே அந்த நிமிடத்துக்காகத்தான். துணி அவருக்கு வழிவிட வேண்டும். அவர் துணிக்கு வழிவிடக் கூடாது.

அதற்கு மூன்று வழிகள் உண்டு. தோரணத்தை விட்டுவிட்டுப் பெஞ்சுக்கு ஒரு முடிச்சு மட்டும் கட்டுவது முதல் வழி. எனக்குப் பிடித்ததும் அதுதான். இரண்டாவது, துணியை நடுவழிக்குக் குறுக்கே வராதபடி, ஒவ்வொரு பெஞ்சின் ஓரப் பலகையிலும் சால்வை போர்த்துவதுபோல் தனித்தனித் துண்டாக விடுவது. மூன்றாவது, தோரணம் வேண்டியே தீரும் என்பவர்களுக்கு: ஒவ்வோர் இடைவெளிக்கும் தனித் துண்டு, ஒரு முனை முடிச்சு, மறுமுனை எஸ் கொக்கி. மணமகள் உள்ளே நடந்து வரும்போது மாட்டியிருக்கும். ஊர்வலம் முடிந்து எல்லோரும் உட்காரும்போது, பக்கத்துக்கு ஒருவராக இரண்டு இளைஞர்கள் கொக்கிகளைக் கழற்றித் துணியைப் பலகையோடு தொங்கவிட்டுவிடுவார்கள். முன்கூட்டியே பழகிவிட்டால் சத்தமில்லாமல் முடியும்.

நடுவழி அகலத்தையும் மறந்துவிடாதீர்கள். இருபக்க முடிச்சுகளும் வால்களும் உள்நோக்கித் துருத்தியது போக, மணமகளும் தந்தையும் சேர்ந்து நடக்க 4 அடியாவது வேண்டும். சக்கர நாற்காலியில் யாராவது வருவதாக இருந்தால் அதைக் கொண்டுபோய் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வால்கள் தரையைத் தொடாமல் அரை அடி மேலேயே நிற்க வேண்டும். மிதித்தால் தோரணம் மொத்தமும் இழுபட்டு வரும்.

நடுவழியில் வெள்ளைத் துணி விரிக்கலாமா?

மெல்லிய வெள்ளைத் துணியை மொசைக் தரையிலோ கிரானைட் தரையிலோ விரிப்பது ஆபத்து. முதல் நான்கு பேர் நடந்ததுமே சுருண்டு ஓடும். பின்னால் வரும் மணமகளின் சேலைக் கொசுவத்துக்கும் குதிகால் செருப்புக்கும் அதுவே போதும்.

விரிப்பு வேண்டுமென்றால் கனமானதாக இருக்கட்டும். பந்தல் கடையில் வாடகைக்குக் கிடைக்கும் சிவப்புக் கம்பளம் எல்லோரும் அறிந்தது. என் மனத்துக்கு உகந்தது பவானி ஜமுக்காளம். புவிசார் குறியீடு பெற்ற, கெட்டியான பருத்தி நெசவு. தன் கனத்தாலேயே தரையோடு படிந்துகொள்ளும். அதன் அடர்ந்த வண்ணப் பட்டைகள் வெள்ளைத் தோரணத்துக்கு நடுவே எடுப்பாகத் தெரியும். பல ஊர்களில் ஆலயத்திலேயே இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

எந்த விரிப்பானாலும் பீடத்துப் படிகளுக்கு முன்பே நின்றுவிட வேண்டும். படியில் விரித்தால் விளிம்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. முனைகளைத் துணி டேப்பால் தரையோடு ஒட்டலாம், கல் தரையாக இருந்தால் மட்டும். வீடியோக்காரரின் ஒயர் விரிப்பின் அடியில் போகக் கூடாது என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள்.

ஃபேன் காற்றில் துணி பறக்கிறதே?

பறக்கும். ஸ்டாண்டு ஃபேன் இருக்கும் இடத்தை முதலிலேயே குறித்துக்கொண்டு, அதற்கு நேரே உள்ள இரண்டு மூன்று பெஞ்சுகளில் நெட்டோ ஷிபானோ வைக்காதீர்கள். வால் நுனியில் ஒரு சிறு மடிப்புத் தைத்து, அதற்குள் இரண்டு மூன்று கோலிக்குண்டுகளைப் போட்டு மூடினால் துணி நேராக நிற்கும். மணப்பாடு திருச்சிலுவை ஆலயம் கடலை ஒட்டிய மணல் மேட்டில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் கதவைத் திறந்தாலே காற்று உள்ளே புகுந்து விளையாடும். அங்கே மெல்லிய துணி எதுவும் வேண்டாம், பருத்தி மட்டும். அலங்காரம் கலையாமலிருக்க ஃபேனை நிறுத்தச் சொல்கிறவர்களும் உண்டு. மே மாதத்தில் நிறைந்த ஆலயத்தில் அப்படிச் செய்வது கொடுமை.

பெஞ்சு ஓரத்தில் மெழுகுதிரி வைக்கலாமா?

துணி கட்டிய பெஞ்சில் எரியும் மெழுகுதிரி கூடவே கூடாது. நெட்டும் ஆர்கன்சாவும் கண்ணிமைக்கும் நேரத்தில் பற்றும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். சேலை முந்தானைகள் நடுவழியில் உரசிக்கொண்டு போகும் இடம் அது. கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தாலும் ஒரு குழந்தையின் கை தட்டிவிட்டால் முடிந்தது. பேட்டரி விளக்குகள் போதும். உண்மையான சுடர் பீடத்தில் எரியட்டும்.

வீட்டிலுள்ள சேலைகளைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. அழகிலும் அர்த்தத்திலும் இதற்கு ஈடு இல்லை. ஒரு சேலை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. முன்பு சொன்ன 12 பெஞ்சுக் கணக்கில் பக்கத்துக்கு 55 அடி வேண்டும். மூன்று சேலையில் மயிரிழையில் தவறும், நான்கு இருந்தால் தாராளம். ஒரு சேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைப் பெஞ்சு முடிச்சுக்குள் மறைத்துவிடுங்கள். சேலையை வெட்ட வேண்டாம், தைக்கவும் வேண்டாம். நீளவாக்கில் விசிறி மடிப்பாக மடித்து நாடா வளையத்துக்குள் நுழைத்தால் போதும்.

சின்னாளப்பட்டிச் சுங்குடி, காஞ்சிப் பருத்தி, வாயில் சேலைகள் இதற்கு ஏற்றவை. அம்மாவின் கல்யாணப் பட்டைக் கொண்டுவருகிறேன் என்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்வேன். மரச் சிராய் ஒன்று ஜரிகையில் மாட்டினால் இழை உருவிக்கொண்டு வந்துவிடும்.

எங்கள் கிராமத்து ஆலயத்தில் பெஞ்சே இல்லை. எல்லோரும் தரையில்தான் உட்காருவார்கள். என்ன செய்வது?

உங்களுக்கு வேலை குறைவு, அழகு அதிகம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று ஜமுக்காளத்தில் உட்காரும் ஆலயங்களில் நடுவழி தானாகவே உருவாகிவிடும். அதன் இரு ஓரங்களையும் காட்டினால் போதும். இரண்டடி உயர வாழைக்கட்டைகளை மண் நிரப்பிய சிறு தொட்டிகளில் நிறுத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துணி முடிச்சு கட்டுங்கள். பக்கத்துக்கு ஐந்து போதும். இவற்றைத் தோரணத்தால் இணைக்காதீர்கள். தரையிலிருந்து எழுகிறவர்கள் எதையாவது பிடிப்பார்கள், அது சாயும். முடிச்சுகள் உட்கார்ந்திருப்பவர்களின் கண்மட்டத்துக்கு மேல் போக வேண்டாம், பின்னாலிருப்பவர்களுக்கு மறைக்கும்.

பிளாஸ்டிக் நாற்காலிகள் என்றால்?

நடுவழி ஓர நாற்காலிகளுக்கு மட்டும் உறை போட்டு முடிச்சு கட்டுங்கள். எல்லாவற்றுக்கும் உறை போடுவது வீண் செலவு. நாற்காலிகளைத் தோரணத்தால் இணைத்தால் ஒருவர் நகர்த்தும்போது வரிசையே நகரும்.

துணியோடு பூவும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஈரம் வடிந்த பிறகு. தண்ணீர் தெளித்த பூவை நேரே சாட்டின் மேல் கட்டினால் வட்ட வட்டமாகக் கறை நிற்கும். சாமந்தியின் மஞ்சள் வெள்ளைத் துணியில் இறங்கிவிடும். மல்லிகைச் சரம், சம்பங்கி, வெள்ளை ரோஜா ஆகியவை துணிக்கு நல்ல துணை. பூவின் காம்புக்கும் துணிக்கும் நடுவே ஒரு வாழையிலைத் துண்டை வைத்து, வாழைநாரால் கட்டினால் கறையும் இல்லை, மறுநாள் குப்பையும் மக்கிவிடும். தரையில் ரோஜா இதழ் தூவுவதைப் பல ஆலயங்கள் அனுமதிப்பதில்லை. நசுங்கிய இதழ் கிரானைட்டில் எண்ணெய் போல வழுக்கும் என்பதால் அது நியாயமான தடைதான்.

பீடத்தையும் அதே துணியால் அலங்கரிக்கலாமா?

பீடத்தைத் தொடாதீர்கள். அதன் விரிப்பும் நிறமும் வழிபாட்டுக்கு உரியவை. ஆலயத்தில் அதற்கென்று பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள். மணமக்கள் உட்காரும் நாற்காலிகளும் முழந்தாளிடும் பலகையும் உங்கள் எல்லை. அந்தப் பலகையின் மேல் வழுக்கும் துணி போடக் கூடாது; மடித்த பருத்தி விரிப்பு போதும்.

அதே நாளில் இன்னொரு திருமணமும் இருக்கிறது. என்ன செய்வது?

மே மாதத்திலும் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய வாரத்திலும் இது சாதாரணம். மற்ற குடும்பத்தாரின் தொலைபேசி எண்ணை அலுவலகத்தில் வாங்கிப் பேசிவிடுங்கள். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரே துணி அலங்காரம், செலவில் பாதிப் பாதி. முடிச்சிலுள்ள பூவை மட்டும் அவரவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். இப்படிப் பகிர்ந்துகொண்ட குடும்பங்கள் வரவேற்புக்கும் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கட்ட எத்தனை பேர், எவ்வளவு நேரம் வேண்டும்?

முடிச்சுகளை வீட்டிலேயே முன்கூட்டிப் போட்டு, காதுகளுக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்தால், 24 பெஞ்சுகளுக்கு நான்கு பேர் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். தோரணமென்றால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். துணியை மடித்துக் கொண்டுவந்தால் மடிப்புக் கோடு விழும். துணிக்கடையில் துணி சுற்றிவரும் அட்டைக் குழலைக் கேட்டு வாங்கி அதில் சுற்றிக் கொண்டுவாருங்கள். திருமண நாள் காலையில் கட்டலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று காலை எல்லோருக்கும் வேறு வேலை இருக்கும்.

கழற்றுவது யார் பொறுப்பு?

உங்கள் பொறுப்பு. வரவேற்பு மண்டபத்துக்கு எல்லோரும் ஓடிவிடுவார்கள். கோயில்பிள்ளை தனியாக நின்று அவிழ்த்துக்கொண்டிருப்பார். அது முறையல்ல. உறவினரில் இரண்டு பேரை இதற்கென்றே நியமித்து, அவர்களுக்கான சாப்பாட்டை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கத்தரிக்கோலால் நாடாவை வெட்டும்போது மரத்தில் கீறல் விழாமல், விரலை உள்ளே கொடுத்துத் தூக்கி வெட்ட வேண்டும். சனிக்கிழமைத் திருமணமென்றால் ஞாயிறு வழிபாட்டுக்கும் அலங்காரம் இருக்கட்டும் என்று குருவானவர் சொல்லலாம். அப்போது பூவை மட்டும் எடுத்துவிட்டுத் துணியை விட்டுச் செல்லுங்கள்.

மெழுகு சொட்டியிருந்தால் உரித்து எடுத்துவிட்டு, மேலும் கீழும் பழுப்புத் தாள் வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் மிச்சமும் தாளில் ஏறிவிடும். நெட்டுக்கு இது ஆகாது, சுருங்கிவிடும்.

பிறகு அவ்வளவு துணியை என்ன செய்வது?

துவைத்துத் தேய்த்து ஆலயத்துக்கே கொடுத்துவிடுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது. பருத்தித் தோரணம் ஒரு தொகுப்பு, நாடா வளையங்கள், கொக்கிகள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் ஆலயத்தில் இருந்தால், அடுத்து வரும் மணவீட்டார் பூ மட்டும் வாங்கினால் போதும். அலங்காரச் செலவுக்குக் கடன் வாங்கும் குடும்பங்கள் நம் சபைகளிலும் பங்குகளிலும் இருக்கின்றன. பக்கத்து வீட்டுத் திருமணத்தைப் பார்த்துவிட்டு, நம் பிள்ளைக்கு மட்டும் வெறும் பெஞ்சா என்று தவிக்கும் தாய்மார்களை எனக்குத் தெரியும். பெட்டியைச் சி.எஸ்.ஐ. சபையின் பெண்கள் ஐக்கிய சங்கமோ கத்தோலிக்கப் பங்கின் மரியாயின் சேனையோ பொறுப்பேற்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு நோட்டு இருக்கட்டும்: எத்தனை துண்டு, ஒவ்வொன்றும் எத்தனை அடி, கடைசியாக எடுத்தது யார், துவைத்துக் கொடுத்தார்களா என்று. அந்துப்பூச்சிக்கு ரசகற்பூரம் வேண்டாம், வாடை துணியை விட்டுப் போகாது. காய்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து போட்டு, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெயிலில் விரித்து எடுத்து வையுங்கள்.